சாம்பல் சத்து

அடுப்பில் விறகு எரிகிறது. சோறு வேகிறது. கடைசியில் மிஞ்சுவது சாம்பல்.

அந்தச் சாம்பலை என்ன செய்கிறோம்? பாத்திரம் தேய்க்கிறோம். வாழைக்கு அடியில் கொட்டுகிறோம். மீதியைக் குப்பையில் போடுகிறோம். சாம்பல் என்றால் ஒன்றுக்கும் ஆகாதது என்று நினைக்கிறோம். ஒரு காரியம் கெட்டுப்போனால், "எல்லாம் சாம்பலாய்ப் போச்சு" என்று சொல்கிறோம்.

ஆனால் விறகில் இருந்த ஒரு சத்து நெருப்பில் அழிவதில்லை. அது சாம்பலில் தங்கிவிடுகிறது. அதன் பெயர் பொட்டாசியம். உழவர்கள் அதைச் 'சாம்பல் சத்து' என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

இந்தப் பொட்டாசியம் உர மூட்டையில் இருக்கிறது. இளநீரில் இருக்கிறது. பேதி கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலத்தில் இருக்கிறது. நம் உடம்பிலும் இருக்கிறது. பயிருக்கும் அது வேண்டும், மனிதருக்கும் அது வேண்டும். குறைந்தால் கேடு. சிலருக்கு மிஞ்சினாலும் கேடு. அதனால் இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் வந்த கதை

முன் காலத்தில் சோடா மாவு, சோப்புத் தூள் எல்லாம் கடையில் கிடைக்காது. மக்கள் மரத்தை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். சாம்பலில் நீர் ஊற்றி வடிகட்டினார்கள். வடித்த நீரைப் பானையில் காய்ச்சினார்கள். நீர் வற்றியதும் பானையின் அடியில் வெள்ளையாக ஓர் உப்பு நின்றது. சோப்புச் செய்யவும், கண்ணாடி செய்யவும், துணி வெளுக்கவும் அது உதவியது.

ஆங்கிலத்தில் பானையைப் 'பாட்' என்பார்கள். சாம்பலை 'ஆஷ்' என்பார்கள். இரண்டும் சேர்ந்து 'பொட்டாஷ்' ஆயிற்று. பானைச் சாம்பல் என்று பொருள்.

அந்தச் சாம்பல் உப்புக்குள் என்ன இருக்கிறது என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். அவர் பொட்டாஷை உருக்கினார். அதன் வழியே மின்சாரம் செலுத்தினார். வெள்ளி போலப் பளபளக்கும் சிறு துளிகள் வெளியே வந்தன. சில துளிகள் உடனே தீப்பற்றி எரிந்தன. அதைப் பார்த்து அவர் சந்தோஷத்தில் அறைக்குள் குதித்து ஆடினாராம்! அந்தப் புதிய உலோகத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார்.

விஞ்ஞானிகள் பொட்டாசியத்தைக் 'கே' என்ற ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். 'காலியம்' என்ற பெயரின் முதல் எழுத்து அது. அரபு மொழியில் செடியின் சாம்பலுக்கு 'அல் காலி' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் காலியம். பார்த்தீர்களா? அரபியரும் சாம்பல் என்றார்கள். ஆங்கிலேயரும் சாம்பல் என்றார்கள். நாமும் சாம்பல் சத்து என்கிறோம்.

கத்தியால் வெட்டக்கூடிய உலோகம்

இரும்பும் ஓர் உலோகம். பொட்டாசியமும் ஓர் உலோகம். ஆனால் இரண்டுக்கும் எத்தனை வேறுபாடு!

பொட்டாசியம் மெழுகு போல மெத்தென்று இருக்கும். கத்தியால் வெட்டிவிடலாம். வெட்டிய இடம் வெள்ளி போல மின்னும். காற்றுப் பட்டவுடன் மங்கிவிடும். நீரைவிட அது லேசானது. அதனால் நீரில் மிதக்கும். கொதிக்கும் நீரின் சூடுகூட வேண்டாம். 64 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும்.

ஆனால் அதை நீரில் போடவே கூடாது. நீர் பட்டால் சீறும். அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அந்த வாயு தீப்பிடித்து இளம் ஊதா நிறத்தில் எரியும். அதனால் பொட்டாசியத்தை எண்ணெய்க்குள் மூழ்க வைத்துப் பாதுகாப்பார்கள்.

இப்போது ஒரு சந்தேகம் வரலாம். நீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் இளநீருக்குள் எப்படி இருக்கிறது? வாழைப்பழத்துக்குள் எப்படி இருக்கிறது?

இயற்கையில் பொட்டாசியம் தனியாக இருப்பதில்லை. வேறு பொருளோடு சேர்ந்து உப்பாகவே இருக்கும். உப்பாகிவிட்டால் அதன் சீற்றம் அடங்கிவிடும். நீரில் அமைதியாகக் கரையும். மண்ணிலும் செடியிலும் நம் உடம்பிலும் இருப்பது இப்படிப்பட்ட உப்புதான்.

அன்றாட வாழ்விலும் பொட்டாசிய உப்புகளைப் பார்க்கிறோம். முகம் மழித்த பிறகு தடவும் படிகாரத்தில் பொட்டாசியம் உண்டு. கலங்கிய நீரில் படிகாரம் போட்டால் மண் அடியில் படியும். ஆனால் கிருமி சாகாது. அந்த நீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். தீக்குச்சியின் மருந்திலும் ஒரு பொட்டாசிய உப்பு இருக்கிறது.

பீகாரின் வெடியுப்பு

பொட்டாசிய உப்புகளில் ஒன்று நம் நாட்டின் சரித்திரத்திலும் இடம் பெற்றது. அது வெடியுப்பு. இந்தியில் அதைச் 'சோரா' என்பார்கள்.

பீகாரில் பழைய ஊர்களின் மண்ணில், மாடு கட்டும் இடங்களின் ஓரத்தில், மழைக்காலம் முடிந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். நுனியா என்ற சமூகத்தார் அந்த மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். நீரில் கரைத்து வடிப்பார்கள். காய்ச்சி வெடியுப்பு எடுப்பார்கள். அதுவே அவர்கள் குலத்தொழில்.

வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்புதான். மீதி கரியும் கந்தகமும். ஐரோப்பிய நாடுகளின் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் அது தேவைப்பட்டது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவில் வந்து போட்டி போட்டு வாங்கினார்கள். 1757-இல் பிளாசிப் போர் நடந்தது. அதன் பிறகு இந்த வியாபாரம் முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மண் நம்முடையது. உழைப்பும் நம்முடையது. விலையைச் சொன்னவன் வேறொருவன்.

பயிருக்கு எதற்கு?

பயிருக்கு முக்கியமாக மூன்று சத்துகள் வேண்டும். தழைச்சத்து இலையும் தண்டும் வளர உதவுகிறது. மணிச்சத்து வேர் ஓடவும் மணி பிடிக்கவும் உதவுகிறது. மூன்றாவது சாம்பல் சத்து. அது என்ன செய்கிறது?

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவற்றைத் திறக்கவும் மூடவும் பொட்டாசியம் வேண்டும். வெயில் காயும்போது துளை மூடினால் நீர் வீணாகாது. பயிர் வறட்சியைத் தாங்கும். இலையில் உண்டாகும் மாவும் சர்க்கரையும் காய்க்கும் கிழங்குக்கும் போய்ச் சேரவும் பொட்டாசியம் வேண்டும். அது போதிய அளவு இருந்தால் தண்டு உறுதியாக நிற்கும். நோயையும் ஓரளவு எதிர்க்கும்.

சாம்பல் சத்து குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அடி இலைகளைப் பாருங்கள். நுனியும் ஓரமும் முதலில் மஞ்சளாகும். பிறகு தீயில் கருகியதுபோலக் காயும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஏன் அடி இலையில் முதலில் தெரிகிறது? சத்துப் போதாதபோது பயிர் கிழ இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்குக் கொடுக்கிறது. தான் வாடினாலும் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயைப் போல.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. காற்றடித்தால் பயிர் சாயும். பதர் அதிகமாகும். பழம் சிறுத்து, இனிப்புக் குறையும். வாழை, உருளைக்கிழங்கு, கரும்பு ஆகியவற்றுக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும்.

யூரியா போட்டால் சில நாளில் வயல் கரும்பச்சையாக மாறும். கண்ணுக்கு அழகாக இருக்கும். பொட்டாஷ் போட்டால் அப்படி ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதன் பலன் களத்தில் தெரியும். மணியின் எடையில் தெரியும்.

மூட்டையைப் படியுங்கள்

நீங்கள் இப்போது எழுத்தும் எண்ணும் படிக்கிறீர்கள். அந்தப் படிப்பை உரக்கடையில் பயன்படுத்துங்கள்.

உர மூட்டையின் மேல் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் தழைச்சத்து. இரண்டாவது எண் மணிச்சத்து. மூன்றாவது எண் சாம்பல் சத்து. நூறு கிலோ உரத்தில் எத்தனை கிலோ சத்து என்று அவை சொல்கின்றன.

காம்ப்ளெக்ஸ் உர மூட்டை ஒன்றில் 10:26:26 என்று இருக்கிறது. மூட்டை 50 கிலோ. அதில் சாம்பல் சத்து எவ்வளவு? நூறு கிலோவில் 26 கிலோ. அப்படியானால் ஐம்பது கிலோவில் 13 கிலோ.

டி.ஏ.பி. மூட்டையில் 18:46:0 என்று இருக்கும். மூன்றாவது எண் சுழி. அதில் சாம்பல் சத்து துளியும் இல்லை. இன்னொரு மூட்டையில் 20:20:0:13 என்று இருக்கும். இங்கும் மூன்றாவது எண் சுழிதான். கடைசியில் உள்ள 13 கந்தகம். அதைச் சாம்பல் சத்து என்று எண்ணிவிடாதீர்கள். யூரியாவில் தழைச்சத்து மட்டுமே உண்டு.

யூரியாவும் டி.ஏ.பி.யும் மட்டும் போடுகிறவர் எத்தனை மூட்டை போட்டாலும் சாம்பல் சத்து சேராது.

தனிப் பொட்டாஷ் உரத்தை எம்.ஓ.பி. என்பார்கள். சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நூறு கிலோவில் 60 கிலோ சாம்பல் சத்து. 2022 முதல் மானிய உர மூட்டைகளில் 'பாரத்' என்ற பெயர் அச்சிடப்படுகிறது. யூரியா மூட்டையிலும் பாரத், பொட்டாஷ் மூட்டையிலும் பாரத். எனவே அடுத்த வார்த்தையையும் எண்ணையும் படித்தால்தான் எந்த உரம் என்று தெரியும்.

நிலத்தில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் உரம் வாங்கக் கூடாது. மண் பரிசோதனை செய்யுங்கள். 2015-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு மண்வள அட்டை தருகிறது. அதில் 12 விவரங்கள் இருக்கும். சாம்பல் சத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்றும் இருக்கும். அதிகம் என்று இருந்தால் பொட்டாஷுக்குச் செலவு செய்ய வேண்டாம். பணம் மிச்சம்.

பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது?

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு வற்றிப்போன கடல்களின் உப்பு பூமிக்குள் பாறையாகக் கிடக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் நாடுகளில் அதை வெட்டி எடுக்கிறார்கள். இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் சாக்கடலின் நீரைக் காயவைத்து எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் ராஜஸ்தானில் பூமிக்கடியில் பொட்டாஷ் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் நம் வயல்களுக்கு வரும் எம்.ஓ.பி. கப்பலில்தான் வருகிறது. வெளிநாட்டில் விலை ஏறினால் இங்கும் ஏறும். 2010-இல் உர மானிய முறை மாறியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பொட்டாஷ் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. யூரியா விலை மட்டும் அப்படி ஏறவில்லை. உழவர்கள் பொட்டாஷைக் குறைத்தார்கள். யூரியாவையே நம்பினார்கள். மண்ணின் சமநிலை கெட்டது.

நம்மிடமே உள்ள சாம்பல் சத்து

விலை கொடுத்து வாங்குவதற்கு முன்பு, கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ பொட்டாசியம் இருக்கும். பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்துகிறார்கள். கொளுத்தினால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போகிறது. பொட்டாசியம் சாம்பலில் நிற்கும். ஆனால் காற்றும் மழையும் அதில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். புகையால் ஊரே மூச்சுத் திணறும். தாளை மடக்கி உழுதால் எல்லாம் மண்ணுக்கே திரும்பும். மாட்டுக்குப் போட்டால் எருவாகத் திரும்பும்.

விறகுச் சாம்பலும் நல்ல உரம்தான். ஆனால் சில விதிகள் உண்டு.

சாம்பலை மழையில் நனைய விடாதீர்கள். சத்து கரைந்து ஓடிவிடும். கூரைக்கு அடியில் சேர்த்து வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே குவியுங்கள்.

சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

உவர் நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் சாம்பல் ஆகாது. புளிப்பு மண்ணுக்கு ஏற்றது.

நிலக்கரிச் சாம்பலும், பிளாஸ்டிக் குப்பையை எரித்த சாம்பலும் வேண்டாம். அவை மண்ணைக் கெடுக்கும்.

அசாம் மக்கள் சாம்பலைச் சமையலிலேயே பயன்படுத்துகிறார்கள். ஒரு வகை வாழைப்பழத்தின் தோலைக் காயவைத்து எரிப்பார்கள். சாம்பலில் நீர் ஊற்றி வடிப்பார்கள். அந்த நீருக்குக் 'கோலாகார்' என்று பெயர். அதை ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். முன்பெல்லாம் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். அந்த நீரில் இருப்பதும் பொட்டாசிய உப்புதான்.

சர்க்கரை ஆலைகளின் கழிவிலிருந்தும் இப்போது பொட்டாஷ் உரம் கிடைக்கிறது. கழிவை எரித்து அந்தச் சாம்பலிலிருந்து உரம் செய்கிறார்கள். கரும்பு மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்புகிறது.

நம் உடம்பில்

நாம் செடியைத் தின்கிறோம். செடியில் உள்ள பொட்டாசியம் நமக்கு வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 120 கிராம் பொட்டாசியம் இருக்கும். நம் தசையை இயக்குவதற்கு அது வேண்டும். நரம்பு செய்தி அனுப்புவதற்கு அது வேண்டும். இதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கும் அது வேண்டும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றரை கிராம் பொட்டாசியம் வேண்டும். இதற்கு மாத்திரை தேவையில்லை. 100 கிராம் துவரம்பருப்பில் ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. பயறு, கீரை, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் உண்டு. காய் வேகவைத்த நீரைக் கொட்டினால் பொட்டாசியமும் போய்விடும். அந்த நீரைக் குழம்பில் ஊற்றுங்கள்.

சமையல் உப்பில் இருப்பது சோடியம். அது கூடினால் இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் அதைக் குறைக்க உதவும். உப்பைக் குறைத்து, காயும் பழமும் பருப்பும் கூட்டினால் இதயத்துக்கு நல்லது.

பேதி கண்டால்

பேதியாகும்போது நீர் மட்டும் போவதில்லை. உப்புகளும் போகின்றன. பொட்டாசியமும் போகிறது. குழந்தை துவண்டுவிடும். வயிறு உப்பும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தில் 20.5 கிராம் மருந்து இருக்கும். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ். 2.6 கிராம் சமையல் உப்பு. 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு.

முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். சில பொட்டலங்கள் ஒரு லிட்டருக்கானவை. சில 200 மில்லிக்கானவை. எவ்வளவு நீர் என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பொட்டலத்துக்கு ஆஷா ஊழியரையோ அங்கன்வாடியையோ கேளுங்கள். குழந்தை குடிக்க முடியாமல் கிடந்தாலும், கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பதும் அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் இல்லை. ஆறு மாதம் கடந்த குழந்தையானால் கூடவே இளநீரும் மசித்த வாழைப்பழமும் கொடுங்கள்.

பழச்சுவை உள்ள சர்க்கரைப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்டன. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

யாருக்கு ஆகாது?

மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதாவது கிட்னி. கிட்னி கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது. இரத்தத்தில் தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாமலே இருந்து, திடீரென்று இதயம் நின்றுவிடலாம். அதனால் அவர்கள் இளநீர், வாழைப்பழம், கீரை இவற்றை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. காயை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டச் சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர்!

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறோம். பெரியவர்கள் பலருக்கு அது நல்லதுதான். ஆனால் கிட்னி நோயாளிகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லியிருக்கிறது. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே இந்த உப்பை வாங்க வேண்டும். ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமைக்கிறோம். எனவே வீட்டில் ஒருவருக்குக் கிட்னி நோய் இருந்தாலும் உப்புப் பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நினைவில் வையுங்கள்

1. மூட்டையின் மூன்றாவது எண் சாம்பல் சத்து.

2. மண்வள அட்டையைப் பார்த்து உரம் போடுங்கள்.

3. வைக்கோலையும் விறகுச் சாம்பலையும் வீணாக்காதீர்கள்.

4. பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலத்தில் எழுதிய அளவு நீரில் கரையுங்கள்.

5. கிட்னி நோய் உள்ளவர்கள் பொட்டாசியத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. 17:17:17 என்று எழுதிய 50 கிலோ மூட்டையில் சாம்பல் சத்து எத்தனை கிலோ?

2. சாம்பல் சத்து குறைந்தால் எந்த இலையில் முதலில் தெரியும்?

3. சாம்பலை ஏன் மழையில் நனைய விடக் கூடாது?

4. உங்கள் வீட்டில் உள்ள உர மூட்டையையும் உப்புப் பாக்கெட்டையும் எடுத்து வாருங்கள். அதில் எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.